கொள்ளை நோயும் கைச்சுத்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து மன்னாரில் இறங்கிய நம் மூதாதையர், காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தனர். அவ்வழியில் வாந்திபேதி கண்டு மாண்டோர் பலர். அம்மனின் சீற்றமென அஞ்சியோரும் உண்டு.

1884ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக், கல்கத்தாவில் நோயாளரின் குடலிலும், மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அந்நோயின் கிருமியைக் கண்டார். மலத்தினின்று நீருக்கும் கைக்கும், அங்கிருந்து வாய்க்கும் அது செல்கிறது.

கையே நோயைக் காவும் என்பதை 1847இலேயே வியன்னா நகரில் வைத்தியர் செம்மல்வைஸ் காட்டியிருந்தார். பிண அறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் வைத்தியர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். தாய்மாரின் மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் சக வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கை அசுத்தமென ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

நாமும் அப்படியே. கோயிலுள் நுழையுமுன் கைகால் கழுவும் மரபுடையோம். எனினும் வெறும் நீர் போதாது, சவர்க்காரமிட்டு இருபது விநாடி தேய்த்தல் வேண்டும். 2020இல் கொரோனாக் காலத்தில் இதைக் கற்றோம். நோய் தணிந்ததும் மறந்தோம். உயரமான இடத்தில் ரயில் நிலையமுள்ள நம் பட்டிப்பொலக் குளிரில் நீரைத் தொடக் கை கூசுவதும் மெய்யே.

ஆனால் பல குடும்பங்களுக்கு ஒரே பீலி என்றிருந்த லயங்களில் வாழ்ந்தோரிடம், கழுவுங்கள் என்று சொன்னால் மட்டும் போதுமா? கொழுந்து பறித்த கையோடு மலையில் சோறுண்ண அமரும் தாய்க்கு நீர் எங்கே?

இளைஞர்காள்! திருவிழா அன்னதானப் பந்தியிலிருந்தே தொடங்குவோம். இலை போடுமுன் நீரும் சவர்க்காரமும் வைப்போம். அதுவும் இறைபணியே.