உணவும் மருந்தும்: புற்றுநோய்ச் சிகிச்சை வரலாறு புகட்டும் படிப்பினை

உணவே மருந்து என்பது எம்மவரின் நெடுநாளைய துணிபு. முகத்துவாரம் முதல் வெள்ளவத்தை வரை, புற்றுநோய் புகுந்த வீடுகள் பலவற்றிற்கு இத்துணிபே, வைத்தியர் அறியாவண்ணம், சத்துமாத்திரைப் போத்தல்களையுங் கொண்டுவந்து சேர்க்கின்றது. இத்தகைய மருந்துணவுகளுக்கு 'நியூட்ராசூட்டிக்கல்' என்னும் பெயர் 1989 இலேயே சூட்டப்பட்டது. ஆயினும், போசணைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடையிலான தொடர்பு அதனினும் நாற்பதாண்டுகள் மூத்தது.

1930 களின் தொடக்கத்திற் பம்பாயிலே கருவுற்ற பெண்களின் குருதிச்சோகையை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், எமது சமையலறைகள் நன்கறிந்த மாமைற் அந்நோயைத் தீர்க்கக் கண்டார். அதிலடங்கிய சத்து 1941 இற் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், லெடர்லே ஆய்வுகூடத்தார் 1945 இல் அதனைச் செயற்கையாக ஆக்கினர்.

குருதிச்சோகையை நீக்கும் சத்து குருதிப் புற்றுநோயையுந் தணிக்கும் என எண்ணுதல் இயல்பே. பொஸ்ரன் நகரில் சிட்னி ஃபார்பர் நோயுற்ற சிறுவருக்கு அவ்வினச் சேர்வைகளைக் கொடுத்தார். நோயோ விரைவுற்றதாகத் தோன்றியது. புற்றுக்கலங்கள் பெருகுதற்கு இச்சத்து உதவுமாயின், அதனைத் தடுத்தல் பயன்தராதோ என அவர் சிந்தித்தார். போலிக் அமிலத்தை உருவில் ஒத்து, அதன் தொழிலைத் தடுக்கும் அமினோப்தெறினைச் சுப்பாராவ் குழுவினர் அளித்தனர். 1948 இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 சிறுவருள் 10 பேரிடத்து நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்மருந்தினத்தைச் சேர்ந்த மெதோற்றெக்சேற் இன்றும் சிறுவர் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையிற் பயன்படுகின்றது.

காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரற் புற்றுநோய் குறைவாயிருத்தலைக் கண்டோர், பின்னாளில் பீற்றா கரோற்றீன் மாத்திரையை நம்பினர். பின்லாந்திற் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடாத்தப்பெற்ற ஆய்வின் முடிபு 1994 இல் வெளிவந்தது: அம்மாத்திரையை உட்கொண்டோரிடையே அந்நோய் 18 வீதம் மிகுதியாகக் காணப்பட்டது.

சிகிச்சையைத் தாங்குதற்கு நோயாளிக்கு நல்லுணவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சத்து உணவின் எல்லையைக் கடந்து மருந்தின் எல்லையுட் புகுந்துவிடுகின்றது. நன்மை செய்யும் ஆற்றலுள்ள பொருளுக்குத் தீமை செய்யும் ஆற்றலும் உண்டு. எனவே, உணவே மருந்து என்று கூறும் நாம், மருந்துக்குரிய அளவையுஞ் சோதனையையும் அதற்கும் விதித்தல் வேண்டும். போத்தலைத் திறக்குமுன் அதனைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும்.