நெகட்டிவ் பூசிய மீன்

என் பேரன் கல்யாண முருங்கைக் கட்டையில் சின்ன மீன் செதுக்கி, வர்ணம் தீட்டி, தூண்டில் முள் மாட்டிச் சுண்ணாம்பாற்றுக்குக் கொடுவா பிடிக்கப் போகிறவன். மேலே கடையில் வாங்கிய வார்னிஷ். இரண்டே நாளில் முள் திருகிய துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, கட்டை ஊதி, வார்னிஷ் செதில் செதிலாக உரிந்துவிட்டது.

போன மாதம் வந்து, "தாத்தா, உங்க அலமாரியில இருக்கிற பழைய போட்டோ நெகட்டிவ் வேணும்" என்றான். எதற்கென்று கேட்டால் பின்லாந்துக் கதை சொல்கிறான்.

கதை உண்மைதான். லௌரி ராப்பலா என்ற ஏழை மீனவர். 1936-இல் செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி மீன் செய்தார். செதிலுக்குச் சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாள். மேல்பூச்சுக்கு லாக்கர் வாங்கக் காசில்லை; புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். 1962-இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகையில் கட்டுரை வந்தபின் உலகமே அந்த மீனைக் கேட்டது.

உருக்கினார் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்துப் படச்சுருள்களில் பல நைட்ரேட் வகை. அடுப்பில் வைத்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அசிட்டோன் போன்ற ஏதாவதொன்றில் கரைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்த நைட்ரேட் எனக்குப் பழைய சிநேகிதம். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் ரசாயன வாத்தியார் 'கொலோதியோன்' பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறும். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்தால் வெடிபஞ்சு. அதை ஈதரும் சாராயமும் கலந்து கரைத்தவர் லூயி மெனார், 1846-இல். ஈதர் ஆவியானதும் கண்ணாடிபோல் ஒரு தோல் மிஞ்சும். முதலில் காயத்துக்குப் பூசினார்கள். 1851-இல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பவர் அதைக் கண்ணாடித் தட்டில் பூசிப் படம் எடுத்தார். பிறகு வந்தவைதான் செல்லுலாய்டு, படச்சுருள், மோட்டார் வண்டி லாக்கர், பெண்களின் நகப்பூச்சு எல்லாம். ஆக, ராப்பலா பூசியது மட்டமான மாற்றுச் சரக்கல்ல. அவரால் வாங்க முடியாத லாக்கரின் சொந்தத் தங்கைதான் அது!

நம் அரக்கு இதற்கு உதவாதா என்றும் யோசித்தேன். மேசை நாற்காலிக்கு அதைவிட அழகான மெருகு கிடையாது. ஆனால் தண்ணீர் பட்டால் வெளுத்துப் போகும்.

நெகட்டிவ் பெட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கடற்கரையில் நிற்கிற ஒரே படம் அதில் இருக்கிறது. பிரிண்ட் எப்போதோ தொலைந்துவிட்டது. "கொள்ளுத்தாத்தாவைக் கொடுவா வாயில போடணுமாடா?" என்றேன். சிரித்தான். பின்லாந்தில் யார் யார் முகமெல்லாம் அப்படிக் கரைந்து ஏரிக்குள் போனதோ!

கடைசியில் எபாக்ஸிதான். இரண்டு புட்டியிலிருந்தும் சம அளவு ஊற்றிக் கலக்க வேண்டும். முதலில் துளைக்குள், பிறகு மேலே. சும்மா தொங்கவிட்டால் அடிப்பக்கம் வழிந்து துளியாகிவிடும். இறுகும்வரை சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் காப்பி குடிக்கப் போக, அந்த வேலை என் தலையில். டெலிவிஷன் செய்தி முடியும்வரை குச்சியில் குத்திய மீனைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வீச்சில் வேரில் சிக்கி நரம்பு அறுந்தது. மீன் இன்னும் சுண்ணாம்பாற்றுக்குள் பளபளவென்று கிடக்கிறது.