எம்டனிடம் வாங்காத வாள்

கொடுமுடியில் காவிரி உண்டு, கடல் வெகுதூரம். ஆனாலும் பேரத்தில் ஒரு ரூபாய்கூட இறங்கி வராத ஆளைப் பற்றி, “அவருங்களா? செரியான எம்டனுங்க!” என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் அது சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. பயந்தவர்கள் மூட்டை முடிச்சோடு நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். உயர் நீதிமன்ற மதிலில் அந்தக் குண்டுவீச்சைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் எம்டன் மாட்டியது. நொறுங்கிய கப்பலைக் கேப்டன் கார்ல் வான் முல்லர் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். தோற்றவர் வாளை ஒப்படைப்பது கடற்படை வழக்கம்.

அந்த வழக்கத்துக்குச் சாட்சியாக ஒரு வாள் இங்கிலாந்தின் நார்விச் நகரில் இருக்கிறது. 1797 பிப்ரவரி 14, செயின்ட் வின்சென்ட் முனைப் போர். பிடிபட்ட ஸ்பானியக் கப்பலான சான் ஹோசேயின் மேல்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் நெல்சன் நிற்கிறார் (பதின்ம வயதில் கப்பலேறிச் சென்னைக்கு வந்துபோன அதே நெல்சன்தான்). ஸ்பானிய அட்மிரல் வின்ட்ஹுய்சென் காயம்பட்டுச் சாகக் கிடக்கிறார். அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து வாளை நீட்டுகிறார்கள். நெல்சன் வாங்கி வாங்கித் தன் படகோட்டி வில்லியம் ஃபியர்னியிடம் தர, அவரோ அலட்டிக்கொள்ளாமல் சுள்ளிக்கட்டு மாதிரி அத்தனையையும் அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். அட்மிரலின் வாளை மட்டும் நெல்சன் தன் சொந்தச் சீமையான நார்ஃபோக்கின் தலைநகருக்கு அனுப்பிவைத்தார். அதுதான் நார்விச் வாள்.

முல்லருக்கு அந்த நிலை வரவில்லை. லண்டனில் கடற்படைப் பொறுப்பிலிருந்த சர்ச்சில் தரப்பிலிருந்து தந்தி போனது: எம்டன்காரர்களுக்குப் போர் மரியாதை உண்டு, கேப்டனும் அதிகாரிகளும் வாளைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம். சென்னையைக் கலங்கடித்தவருக்கா இந்த மரியாதை என்று இங்கே சிலருக்காவது எரிந்திருக்கும். வென்றவர்கள் கொண்டுபோனவற்றில் ஒரு பீரங்கி சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் நிற்கிறது.

தமிழுக்கு மிஞ்சியது பெயர்தான். 2006-இல் வந்த ‘எம்டன் மகன்’ திரைப்படம், தமிழ்ப் பெயர்களுக்குத் தரப்பட்ட வரிவிலக்குக்காக ‘எம் மகன்’ ஆனது. மளிகைக்கடை அப்பாவாக நாசர் காட்டிய கண்டிப்பு மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.