டிரைப், லின்னேயஸ் (1822–1902)

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், பர்மியப் பௌத்தக் கட்டடக்கலையை முதன்முதலில் முறையாக ஒளிப்படமாக்கியவர்களுள் தலையாயவர். 1855இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பயணித்த அவர், பகான் (புக்கம்), அமரபுரம், ரங்கூன் ஆகிய இடங்களின் விகாரைகளையும் தூபிகளையும் (புத்தரின் நினைவாக எழுப்பப்பட்ட திண்ணிய கட்டுமானங்கள்) பதிவு செய்தார். கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாக, மெழுகு ஊட்டி ஒளி ஊடுருவச் செய்த காகிதத்தையே எதிர்ப்படிவத்துக்கு, அதாவது ஒளியும் நிழலும் இடம்மாறிப் பதியும் மூலப்படத்துக்கு, அவர் கையாண்டார். முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச்செல்லக்கூடிய இத்தாள் நெடும்பயணத்துக்கு ஏற்றதாயினும் அதற்கு நீண்ட ஒளிபடு நேரம் தேவைப்பட்டது; நீல ஒளிக்கு அது மிகுதியாக உணர்வு கொண்டிருந்ததால், வானம் பெரும்பாலும் வெறுமையாகவே பதிந்தது. அக்குறையை நீக்க மூலப்படத்தின் மீதே வண்ணம் தீட்டி முகில்களை அவர் உருவாக்கினார். இருப்பினும் பகானின் ஆனந்தா கோயில் போன்றவற்றின் சுதை வேலைப்பாடுகளை அவருடைய படங்கள் காட்டும் துல்லியம் வியக்கத்தக்கது. பிற்கால நிலநடுக்கங்களும் திருப்பணிகளும் மாற்றிவிட்ட தோற்றங்களுக்கு அவை ஈடற்ற சான்றுகள். இவற்றுள் 120 படங்கள் தொகுப்பாக வெளியிடப்பட்டன. பின்னர்ச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த டிரைப், 1858இல் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிப் பௌத்தச் சிற்பங்களையும் பதிவு செய்தார்.