சத்தம் கேக்குது, சொல் விளங்கேல்லை
செவிப்புலன் ஆய்வில் அவுஸ்திரேலியா நடந்து வந்த பாதை



பென்டில் ஹில்லில் எங்கள் ஆட்களின் கடைகளுக்குப் போய்வருகிறவர்கள் இப்படியொரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். காசு வாங்கும் இடத்தில் நிற்கும் பிள்ளை "எட்டு டொலர் ஐம்பது சதம், ஐயா" என்கிறது. ஐயா தலையை ஆட்டிவிட்டு இருபது டொலர் தாளை நீட்டுகிறார். மிச்சக் காசை எண்ணிப் பாராமல் பையில் போட்டுக்கொண்டு போகிறார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. விலை காதில் சரியாக விழவில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்க வெட்கம். பெரிய தாளாக நீட்டிவிட்டால் கேட்க வேண்டிய தேவை வராது.

எனது மாமியும் இப்படித்தான் பல வருடங்கள் சமாளித்தார். ஊரில் வீட்டு வளவுக்குள் ஷெல் விழுந்த நாளிலிருந்து அவருடைய இடது காதுக்குள் ஓயாத இரைச்சல். வலது காதும் மெல்ல மெல்ல மங்கியது. இங்கு வந்தபின் வானொலியை உச்சத்தில் வைப்பார். நாங்கள் குறைத்தால், "சத்தம் கேக்குது, சொல் விளங்கேல்லை" என்பார். 2009 இல் வன்னியிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்த மாதங்களில், றிசீவரை உடனே மற்றவரிடம் கொடுத்துவிடுவார். அழுகிறார்கள் என்பது தெரிகிறது, யாருடைய பெயரைச் சொல்லி அழுகிறார்கள் என்பது தெரியவில்லை என்று பின்னர் ஒருநாள் சொன்னார்.

மாமி சொன்ன அந்த ஒரு வசனத்துக்குள் உட்காது பற்றிய விஞ்ஞானத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அந்த விஞ்ஞானத்தின் முக்கியமான அத்தியாயங்கள் சில, நாங்கள் அடைக்கலம் தேடி வந்த இதே நாட்டில்தான் எழுதப்பட்டன. இம்மாத உரை அதைப் பற்றியது.

காதின் ஆழத்தில் நத்தை ஓடு போலச் சுருண்ட, பட்டாணிக் கடலை அளவான உறுப்பு ஒன்று உண்டு. அதை நத்தைச்சுருள் என்பர். அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒலி அலை உள்ளே வரும்போது அவை அசைந்து, அந்த அசைவை மின்சமிக்ஞையாக மாற்றிச் செவிநரம்புக்குக் கொடுக்கின்றன. சுருளின் வாசற்பக்கத்திலுள்ள கலங்கள் கீச்சொலியையும், உள் நுனியிலுள்ளவை தடித்த ஒலியையும் உணர்கின்றன. இந்த அலை சுருளுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்பதைக் கண்டறிந்த ஹங்கேரியரான பெக்கேசிக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது.

குண்டு வெடிக்கும்போது எழும் அமுக்க அலை செவிப்பறையைக் கிழிக்கலாம். அது பல வேளைகளில் தானாகவே ஆறும். ஆறாவிட்டால் சத்திரசிகிச்சையால் அடைக்கலாம். மயிர்க்கலங்கள் அப்படியல்ல. மனிதரில் ஒருமுறை அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளில் முளைக்கும் என்பது 1980களில் கண்டறியப்பட்டது; மனிதரில் அவற்றை முளைக்கச் செய்யும் முயற்சி இன்றும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. பொதுவாக முதலில் சேதமடைபவை வாசற்பக்கத்துக் கலங்கள். ஆகவே முதலில் மறைவது கீச்சொலி. எமது பேச்சில் உயிரெழுத்துகள் தடித்த ஒலியிலும், 'ச', 'த', 'க' போன்ற மெய்யொலிகளின் கூர்மை மேல் ஒலியிலும் தங்கியுள்ளன. எனவே பேச்சின் சத்தம் மிஞ்சும், 'பல்'லா 'கல்'லா என்ற வேறுபாடு போய்விடும். மாமி சொன்னது இதைத்தான். நாம் கத்திப் பேசினால் அந்தக் கூர்மை திரும்பி வராது. "ஏன் கத்துறாய்?" என்று ஏச்சுத்தான் வாங்குவோம்.

காதைக் கெடுப்பது குண்டு மட்டும் அல்ல. நாட்பட்ட சீழ், காசநோய்க்கு அக்காலத்தில் போட்ட ஸ்ரெப்ரோமைசின் ஊசி, இயந்திரச் சத்தம், முதுமை என்று காரணங்கள் பல. மெனியே நோய் என்று இன்னொன்றும் உண்டு. திடீரெனத் தலைசுற்றும், வாந்தி வரும், ஒரு காது அடைத்து இரையும், கேட்கும் திறன் கூடிக் குறையும். எங்கள் வீடுகளில் இதைப் 'பித்தம்' என்றோ 'பிரஷர்' என்றோ சொல்லிவிடுவோம். பரிஸ் நகரில் காது கேளாதோர் நிறுவனத்தில் வைத்தியராக இருந்த புரொஸ்பர் மெனியே, இத்தகைய தலைச்சுற்று மூளையிலன்றி உட்காதில் தொடங்கலாம் என்று 1861 இல் எடுத்துரைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இந்நோயின் முழுக் காரணம் தெளிவாகவில்லை. சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கிப்சன் இதை ஆராய்வதில் பல தசாப்தங்களைச் செலவிட்டவர்.

அவுஸ்திரேலியாவில் இத்துறை வளர்ந்ததற்கு ஒரு போரும் ஒரு தொற்றுநோயும் காரணங்களாயின. 1941 இல் சிட்னி கண் வைத்தியர் நோர்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையுள்ள குழந்தைகள் வழமைக்கு மாறாகப் பலர் வருவதைக் கவனித்தார். கர்ப்ப காலத்தில் தங்களுக்கு ஜெர்மன் சின்னமுத்து வந்ததாகத் தாய்மார் பேசிக்கொண்டதை அவர் பொருட்படுத்திக் கேட்டார். அதிலிருந்தே அந்த நோய்க்கும் குழந்தைகளின் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. அக்குழந்தைகளில் பலருக்குக் காதும் கேட்காது என்பது அடுத்து வந்த வருடங்களில் தெரியவந்தது. அதே நேரம் இரண்டாம் உலகப்போரில் காதை இழந்த படைவீரர்கள் வீடு திரும்பினர். இவ்விரு சாராருக்காகவும் 1947 இல் பொதுநலவாய ஒலியியல் ஆய்வுகூடங்களை அரசாங்கம் அமைத்தது. இன்று 'ஹியரிங் அவுஸ்திரேலியா' என்று அழைக்கப்படும் அமைப்பின் வேர் அதுதான்.

அடுத்த அத்தியாயம் சிட்னியின் தென்மேற்கிலுள்ள கம்டன் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கு மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. வாடிக்கையாளர் தமது அந்தரங்க நோய்களைக்கூடக் கடை முழுதும் கேட்கும்படி உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த மகன், 1935 இல் பிறந்த கிரேம் கிளார்க். காது வைத்தியரான பின், 1967 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கி, 1970 இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மயிர்க்கலங்கள் அழிந்தாலும் செவிநரம்பின் இழைகள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அவற்றை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டினால் என்ன என்பதே கேள்வி. 1957 இல் பரிஸில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர் இதைச் செய்து காட்டியிருந்தனர். 1960களில் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸும் முயன்றார். ஆனால் ஒரேயொரு மின்வாயால் ஓசையைத் தரலாமே தவிர, பேச்சை விளங்க வைப்பது கடினம். கிளார்க் பல மின்வாய்களைச் சுருளுக்குள் நுழைக்க விரும்பினார். ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் செய்யும் வேலையைச் சில கம்பிகள் செய்யுமா என்று சகபாடிகள் பலர் நகைத்தனர். பணமும் இல்லை. மெல்பேர்ணில் தொலைக்காட்சி நிதி சேகரிப்பு ஒன்று கைகொடுத்தது. கோயிலுக்கும் பள்ளிக்கும் தகரத்தைக் குலுக்கிக் காசு சேர்த்துப் பழகிய எமக்கு இது புதிய கதை அல்ல.

மின்வாய்க் கம்பியைச் சுருளுக்குள் காயமின்றி நுழைப்பதே பெரிய சிக்கலாக இருந்தது. 1977 இல் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையொன்றில் விடுமுறையைக் கழித்த கிளார்க், ஒரு சிப்பிச் சுருளுக்குள் புல்லிதழ் ஒன்றை நுழைத்துப் பார்த்தார். நுனி இளகியும் அடி விறைத்தும் இருந்த புல் சுருளைச் சுற்றி இலகுவாக உள்ளே போயிற்று. கம்பியும் அப்படியே அமைக்கப்பட்டது.

1978 ஓகஸ்ட் 1 ஆம் திகதி, மெல்பேர்ண் அரச விக்டோரியக் கண் காது வைத்தியசாலையில் ரொட் சோண்டர்ஸ் என்பவருக்கு முதற் சத்திரசிகிச்சை நடந்தது. கார் விபத்தில் காதை இழந்தவர் அவர். பின்னர் பரிசோதனையின்போது நாட்டுப்பண்ணை ஒலிக்கவிட்டதும் அவர் எழுந்து விறைப்பாக நின்றார். சொற்களை அவர் அடையாளம் கண்ட நாளில், கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் ஆனந்தத்தில் அழுதார்.

எங்களைப் பொறுத்தவரை முதலாமவரை விட இரண்டாமவரே முக்கியமானவர். 1979 இல் கருவி பொருத்தப்பட்ட ஜோர்ஜ் வொட்சன் இரண்டாம் உலகப்போரில் பங்குகொண்டவர். குண்டு வெடிப்பொன்றால் கேள்திறன் கெட்டு, பல வருடங்கள் முற்றாகக் கேளாதிருந்தவர். இவ்வளவு காலம் சொல்லே கேளாத மூளை சொற்களை மறந்திருக்குமோ என்பதே ஐயம். அது மறக்கவில்லை. காது மூடிக்கிடந்த காலம் முழுதும் மொழியின் ஒலியை அவரது மூளை காத்து வைத்திருந்தது. வளர்ந்தபின் காதை இழந்தவர்களுக்கு நீண்ட காலத்தின் பின்னும் வழியுண்டு என்பதற்கு அது முதற் சான்றுகளில் ஒன்று.

பின்னர் சிட்னியில் இதயமுடுக்கி செய்துவந்த போல் ட்ரெயினரின் நியூக்கிளியஸ் நிறுவனம், அரசாங்க உதவியுடன் 22 மின்வாய்கள் கொண்ட கருவியைத் தயாரித்தது. 1982 இல் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1985 இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் வளர்ந்தோருக்கும், 1990 இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் கிடைத்தது. 1987 இல் சிட்னியில் பேராசிரியர் கிப்சன் நான்கு வயதுச் சிறுமிக்கு அதைப் பொருத்தினார். அந்நிறுவனத்தின் வழிவந்த கொக்ளியர் இன்று மக்குவாரிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்குகிறது. பென்டில் ஹில்லிலிருந்து காரில் அரைமணித்தியாலம் போதும்.

இக்கருவியை எல்லோரும் வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சைகைமொழியோடு வாழ்ந்த காது கேளாதோர் பலர், தமது மொழியும் சமூகமும் அழிக்கப்படும் என்று அஞ்சினர். மொழிக்காகப் பட்ட பாட்டை அறிந்த நாம் அந்த அச்சத்தை இலேசாக ஒதுக்க முடியாது. யாழ்ப்பாணத்தவர்கள் கைதடி நவீல்ட் பாடசாலையை அறிவார்கள். அங்கு கைகளால் பேசிச் சிரித்த பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு, காது கேளாமை என்பது மொழியற்ற நிலை அல்ல என்பது விளங்கும்.

ஆனால் தமிழ் கேட்டு வளர்ந்து, இடையில் கேள்திறனை இழந்து, வீட்டு மூலையில் மௌனமாகிப்போன எங்கள் பெரியவர்களின் நிலை வேறு. செவிப்புலன் இழப்பு, தடுக்கக்கூடிய மறதிநோய்க் காரணங்களில் ஒன்றென லான்செட் ஆணைக்குழு 2017 முதல் சொல்லி வருகிறது. "வயசு போனால் அப்பிடித்தான்" என்று விட்டுவிடக்கூடிய காரியம் அல்ல இது.

மாமியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது ஒன்றைக் கற்றுக்கொண்டோம். ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தும் சோதனைக்கு மொழி தேவையில்லை. சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தெரியாத ஆங்கிலச் சொல்லைத் தவறாகச் சொன்னால், அது காதின் குறையாகப் பதிவாகலாம். ஆகவே முன்கூட்டியே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பேரப்பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். ஷெல், காசநோய் ஊசி, சீழ் என்று பழைய கதைகள் அனைத்தையும் சொல்லுங்கள். பென்சனர் சலுகை அட்டை உள்ளவர்கள் அரசாங்கத்தின் செவிப்புலன் சேவைத் திட்டத்தில் பரிசோதனையும் காதுக்கருவியும் பெறலாம். தற்காலிக விசாவில் உள்ளவர்கள் தமது தகுதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கருவி கிடைத்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடாது. மூளை பழகச் சில மாதங்கள் எடுக்கும். எரிச்சலில் அலுமாரிக்குள் வைத்துவிடக் கூடாது.

மாமி 2011 இல் காதுக்கருவி போட்டுக்கொண்டார். இரைச்சல் முற்றாகப் போகவில்லை. கடைசிக் காலம் வரை வானொலியை மட்டும் அளவான சத்தத்தில் கேட்டார். தொலைபேசி அடித்தால் தானே எழும்பிப் போய் எடுத்தார்.

உங்கள் வீட்டில் வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறவர் யாரென்று இன்று கவனித்துப் பாருங்கள். அவரோடு சண்டை பிடிக்காமல், குடும்ப வைத்தியரிடம் ஒரு நேரம் எடுத்துக் கொடுங்கள். அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.