விளக்கு வைக்கும் நேரம்

1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீரின் விசையால் மின்சாரம் பிறந்தது. அந்நாளில் வீட்டு மின்சாரம் என்றால் பெரும்பாலும் விளக்குத்தான். அந்தியில் ஏறும் தேவை, ஊர் உறங்கியதும் இறங்கிவிடும்.

இன்று அக்கணக்கை வெயிலும் சேர்ந்து எழுதுகிறது. திருவள்ளூர்ப் பக்கம் சித்திரையில் கடற்காற்று பிந்தி வரும் நாளில் விசிறிக்கு ஓய்வேது? 2024 மே 2-ஆம் நாள் தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. ஐப்பசி மழை வந்தால் தணிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டியின் கதையோ வேறு. சிப்காட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்தவர் உறங்குவது பகலில். அண்டை வீடுகள் பூட்டிக் கிடக்கும் வேளையிலும் அவ்வீட்டில் விசிறி சுழலும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் அட்டையில் எத்தனை யூனிட் என்பது இருக்கும். எந்த மணியில், யாருக்காக என்பது இராது.

1994-இல் நம் மாவட்டத்து அத்திப்பட்டிலேயே அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியும், 2012-இன் மின்வெட்டு நம்மை விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு பிற்பகல் வகுப்புக்குத் தினமும் பிந்தி வந்த மாணவன் ஒருவனை வாசலிலேயே நிறுத்திக் கடிந்துகொண்டேன். அவன் வாய் திறக்கவில்லை. இரவெல்லாம் உலைமுன் நின்ற தந்தை கண்ணயரும் வரை, உணவு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி, பனையோலை விசிறியால் அவன் வீசிக்கொண்டிருந்தான் என்பதை மறுநாள் அவன் தாய் வந்து சொல்லித்தான் அறிந்தேன்.