ஊழியம் முடித்து வீடு திரும்பும் மார்மன் இளைஞர்கள்

பெரியதாழை, மணப்பாடு அடங்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 1542இல் வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார், தாயகம் திரும்பவேயில்லை. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டு, 1600இல் இக்கரையிலேயே காலமானார். அவர்களுக்கு ஊழியம் ஆயுள் முழுவதும்.

1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபையிலோ ஊழியத்துக்குக் காலவரை உண்டு. இளைஞர்களுக்கு 24 மாதம். இளம்பெண்களுக்கு 18 மாதம். செல்லும் ஊரைச் சபையே முடிவு செய்யும். செலவைப் பெரும்பாலும் குடும்பம் ஏற்கும். எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். 2019 வரை பெற்றோருடன் தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு நாள்தான். இப்போது வாரந்தோறும் பேசலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவிலும் 1993 முதல் இம்மிஷன் இயங்குகிறது.

ஊர் திரும்பியவரை வட்டாரத் தலைவர் முறைப்படி விடுவிப்பார். சட்டையிலிருந்த பெயர் அட்டை இறங்கும். நேர அட்டவணையும் உடனிருந்த கூட்டாளியும் ஒரே நாளில் இல்லாமல் போக, படிப்பு, வேலை, திருமணம் என்ற கேள்விகள் வந்து நிற்கும். நோயாலோ மனச்சோர்வாலோ பாதியில் திரும்பியவருக்கு ஊராரின் பார்வையே பெரும் பாரம்.

கொள்கையில் அவர்களுக்கும் நமக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் மத்ரஸா விடுதியிலிருந்தோ, நான்கு மாத ஜமாஅத்திலிருந்தோ இடையில் திரும்பும் பிள்ளை நம் வீடுகளிலும் உண்டு. பெற்றோர்களே, முதல் நாளே காரணம் கேட்காதீர்கள். சாப்பிட வைத்து, தூங்க விடுங்கள். அதுவாகவே சொல்லும்.